ஒரே முகம், இரண்டு சர்ச்சில்

சர்ச்சில் சிலையை ஒபாமா திருப்பி அனுப்பிட்டார்னு 2012-ல் வாஷிங்டனில் ஒரே சண்டை. வெள்ளை மாளிகையோ, சிலை இங்கேதான் இருக்குன்னு படமே போட்டது.

ரெண்டுமே பாதி சரி! ஜேக்கப் எப்ஸ்டீன் 1946-ல் வடித்த அந்த மார்பளவுச் சிலைக்கு வெண்கலப் பிரதிகள் பல. ஒன்று 1965-ல் ஜான்சன் காலத்தில் அன்பளிப்பாக வந்தது. அது பழுதுபார்க்கப் போயிருந்த 2001-ல், பிரிட்டன் அரசு இன்னொன்றைப் புஷ்ஷுக்கு இரவல் கொடுத்தது. 2009-ல் திரும்பிப் போனது இரவல் சிலை மட்டும். எங்க ஆபீஸ் பாஷையில், ரெண்டு பொருளுக்கு ஒரே ஐடி.

வெள்ளை மாளிகை அப்போதே குழப்பத்தை ஒப்புக்கொண்டது. ஆனாலும் 2016-ல் போரிஸ் ஜான்சன் இதே சிலையைச் சாக்கிட்டு ஒபாமாவின் கென்ய வம்சாவளியை இழுத்தார். அதுதான் எனக்கு உறுத்துது. அப்போது லண்டன் வந்திருந்த ஒபாமா, மாடியில் தன் அறை வாசலில் சர்ச்சிலைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னார்.