மின்விளையாட்டுப் போட்டிகளும் தமிழகக் கல்லூரி மாணவர்களும்

கணினியிலோ கைபேசியிலோ இருவர் அல்லது பல அணிகள் வகுத்த விதிகளின்படி மோதி வெற்றி தோல்வி காணும் ஆட்டம் மின்விளையாட்டு எனப்படும். இ-ஸ்போர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெயரே மாணவரிடையே வழக்கில் உள்ளது. 1972 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஸ்பேஸ்வார் போட்டியை இவ்வகையில் முதலாவதாகக் குறிப்பிடுவர். வென்றவருக்குப் பரிசு, ஓர் இதழின் ஓராண்டுச் சந்தா. ஆக, இவ்விளையாட்டு பிறந்ததே ஒரு கல்வி வளாகத்தில்தான். தமிழகத்திலும் இதை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களே.

கபடிக்கு ஒரு மைதானமும் ஒரு கோடும் போதும். ஊர் இருக்கும்வரை அந்தக் களமும் இருக்கும். மின்விளையாட்டின் களம் அப்படியன்று. அது ஏதோ ஒரு நாட்டிலுள்ள நிறுவனத்தின் மென்பொருள். நிறுவனம் மூடினாலோ அரசு தடுத்தாலோ, ஆடுபவர் எத்தனை ஆண்டு பயின்றிருந்தாலும் மறுநாள் நிற்க இடமிராது. தமிழகத்தில் இவ்விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் இந்தக் களம் மாறியதன் வரலாறே.

முதல் களம் பிரவுசிங் சென்டர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி நகரங்களில் பெருகிய இக்கடைகளில், மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்திக் கணினியில் அமரலாம். மின்னஞ்சல் பார்க்கவும் தேர்வு முடிவு அறியவும் வந்தவர்களுக்கு இடையே, ரோட் ராஷ் ஓட்டவும் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடவும் ஒரு கூட்டம் வந்தது. கடைக்குள் இருக்கும் கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் இணையமே இல்லாமல் பத்துப் பேர் இரு அணியாகப் பிரிந்து மோதலாம். பொறியியல் கல்லூரிகளின் தொழில்நுட்ப விழாக்களில் இதே ஏற்பாடு கணினி ஆய்வகத்தில் நடந்தது. மேடையில் கட்டுரை வாசிப்பு நடக்க, ஆய்வகத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டி நடக்கும். கூட்டம் எங்கே அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது களத்தை அறியாமலேயே அமைத்துத் தந்தது தமிழக அரசு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அதுவரை வீட்டில் கணினியே பார்த்திராத பிள்ளைகளின் கையில் ஒன்றைக் கொடுத்தது. படிப்புக்கெனக் கொடுக்கப்பட்ட அந்த இயந்திரத்தில் புதிய, கனமான விளையாட்டுகள் ஓடா. ஆனால் பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் தடையின்றி ஓடியது. பென் டிரைவில் விடுதி அறைக்கு அறை அது பரவியது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-இல் பிரவுசிங் சென்டர் இருண்டு கிடக்க, மடிக்கணினியின் பேட்டரியில் ஆட்டம் தொடர்ந்தது. கல்வித் திட்டமொன்றின் இப்பக்கவிளைவு அரசு அறிக்கைகளில் இடம்பெறக் கூடியதன்று. எனினும் நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரே கருவி கிடைத்தது அப்போதுதான்.

மூன்றாவது களமான கைபேசி மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் தரவின் விலை வீழ்ந்தது. திருப்பூர் மாவட்டத்தில் கோவை–திருச்சி நெடுஞ்சாலையில், பல்லடத்துக்குக் கிழக்கே உள்ள பொங்கலூர் போன்ற ஊர்களுக்கு இவ்விளையாட்டு முழுமையாக வந்து சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். தறிக்கூடமும் கோழிப்பண்ணையும் விவசாயமும் கலந்த வட்டாரம் இது. கல்லூரிக்குப் பல்லடம், திருப்பூர், கோவை எனப் பேருந்தேற வேண்டும். விடுமுறையில் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சனிக்கிழமைச் சம்பளம் சேர்த்து ஒரு கைபேசி வாங்கும் மாணவனுக்கு, விலையுயர்ந்த விளையாட்டுக் கணினி எட்டாக்கனி. ஆனால் கைபேசியில் ஆடும் போட்டியில் அவனும் சென்னை மாணவனும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

முழுக்க ஒரே வரிசை என்றும் சொல்ல இயலாது. 2018-இல் வந்த பப்ஜி மொபைலில் 100 பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை உயிர்பிழைக்கும் அணி வெல்லும். ஓர் ஆட்டம் அரை மணி நேரம்வரை நீளும். ஓரளவு நல்ல கைபேசியும் வேண்டும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், பத்து நிமிடத்தைச் சுற்றி ஆட்டம், மலிவான கைபேசியிலும் ஓடும். சிற்றூர்களில் அது வேரூன்றியதற்கு இதுவே காரணம். இவற்றோடு ‘பிங்’ என்ற ஒன்றும் உண்டு. விரல் அசைவு நிறுவனத்தின் கணினிக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. மில்லி நொடியில் அளப்பர். அலைவரிசை மெலிந்த இடத்தில் இருப்பவன், எதிரியைக் கண்டு சுடும் முன்பே சுடப்பட்டிருப்பான். திறமையில் தோற்பதற்கும் கோபுரத்தின் தொலைவால் தோற்பதற்கும் வேறுபாடு திரையில் தெரியாது.

பெரியவர்களின் எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. 2018-இன் இறுதியில் வேலூர் வி.ஐ.டி. விடுதியில் பப்ஜிக்குத் தடை விதிக்கப்பட்டது செய்தியானது. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் தடையை மீறி ஆடியதற்காக மாணவர்கள் கைதுசெய்யப்பட்டனர். தூக்கம் கெடுவதும் வருகைப்பதிவு குறைவதும் உண்மையே என்பதால் இக்கவலையைப் பழமைவாதம் என ஒதுக்க முடியாது. ஆனால் கைது செய்வது எந்த வகையிலும் பொருந்தாத மருந்து.

பிறகுதான் களம் பறிபோனது. எல்லைப் பதற்றத்தை அடுத்து 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசு தடைசெய்தது. 2021 ஜூலையில் அதுவே பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் திரும்பியது. அவ்வாண்டுத் தொடரின் மொத்தப் பரிசு ஒரு கோடி ரூபாய். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.யும் செயலிக் கடைகளிலிருந்து மறைந்து, 2023 மே மாதம் நேரக் கட்டுப்பாடுகளுடன் மீண்டது. மூன்றாண்டுப் படிப்புக்குள் ஒரு மாணவ அணி இருமுறை கலைந்து இருமுறை கூடவேண்டியிருந்தது. பெரிய அணிகளுக்கு விளம்பரதாரர் இருந்தனர். சிற்றூர் அணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு மட்டுமே இருந்தது.

இதற்கிடையே இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. ஆன்லைன் ரம்மியில் பணமிழந்தோரின் தற்கொலைகள் தமிழகத்தை உலுக்கின. 2020 நவம்பரில் வந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் நிறைவேறிய மசோதா, ஆளுநரால் திருப்பியனுப்பப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமானது. இதில் இலக்கு சூதாட்டமே. ஆனால் ‘ஆன்லைன் விளையாட்டு’ என்ற ஒற்றைச் சொல் வீடுகளில் ரம்மியையும் பி.ஜி.எம்.ஐ.யையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. மாணவர்களும் இதற்குப் பாதி இடம் கொடுத்தனர். ஆளுக்கு 50 ரூபாய் யூபிஐயில் வாங்கி, ‘கஸ்டம் ரூம்’ திறந்து, திரண்ட தொகையை வென்றவருக்குத் தரும் உள்ளூர்ப் போட்டிகள் எந்தப் பக்கம் சேரும் என்பது அவர்களுக்கே தெளிவில்லை.

கோடு கிழித்தது 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம். பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை அது தடைசெய்கிறது. மின்விளையாட்டைத் தனியே பிரித்து, பங்கேற்புக்கோ நிர்வாகச் செலவுக்கோ மட்டும் கட்டணம் பெறவும், திறனுக்குப் பரிசளிக்கவும் இடம் தருகிறது. பந்தயத்துக்கு இடமில்லை. 50 ரூபாய் அறைகளை நடத்தும் மாணவர்கள் அச்சட்டத்தின் வரையறையை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

அங்கீகாரம் வேறு வழியில் வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் காட்சிப் போட்டியாக இருந்தபோதே இந்தியாவின் தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோனில் வெண்கலம் பெற்றார். 2022 டிசம்பரில் மின்விளையாட்டு விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் கீழ் வந்தது. 2023-இல் ஹாங்சோவில் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. 2025 மே மாதம் பீகாரில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 2026 செப்டம்பரில் ஜப்பானின் ஐச்சி–நகோயாவில் தொடங்கவுள்ள ஆசிய விளையாட்டின் பதக்க நிரலில், ஆறாண்டுகளுக்கு முன் இங்கே தடைசெய்யப்பட்ட பப்ஜி மொபைலும் உள்ளது.