பெயர்ப் பட்டியலை நினைவில் வைத்த கதை

ஊர் விட்டு வந்து குடியிருக்கும் நம் வீடுகளில் பழைய படங்களுக்கு மதிப்பு அதிகம். ஊர்க் கல்யாணம், காதுகுத்து, தாத்தா பாட்டி எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து, வீட்டில் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருப்பவர்கள் பலர். இதுதான் ஃபைல் சர்வர். அதில் ஒரு ஃபோல்டரைத் திறந்தால் சில சமயம் பத்து விநாடி வரை ஒன்றுமே வராது. கரண்ட் மிச்சத்துக்காக நின்றிருந்த ஹார்ட் டிஸ்க் மறுபடி சுழன்று வேகம் பிடிக்கிறது. இத்தனைக்கும் நாம் கேட்டது படத்தை அல்ல, பெயர்ப் பட்டியலை மட்டும்தான்!

இதற்கு வைத்தியம் பிறந்த கதை சுவாரசியமானது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கிகளில் லெட்ஜருக்கு இண்டெக்ஸ் உண்டு. பெயரைத் தேடினால் பக்க எண் கிடைக்கும், கணக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும். 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸும் இதே முறைதான். டைரக்டரியில் ஃபைலின் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருக்கும். அளவு, தேதி போன்ற விவரமெல்லாம் அந்த எண்ணுக்குரிய 'ஐநோட்' என்ற இடத்தில்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் ஒவ்வொரு படியிலும் இந்தத் தேடல் நடக்க வேண்டும். 1983-ல் வந்த பெர்க்லி யுனிக்ஸை (4.2) அளந்து பார்த்தபோது, பெயர் தேடுவதிலேயே நிறைய நேரம் போவது தெரிந்தது. அதனால் 1986-ல் வந்த 4.3-ல், அண்மையில் தேடிய பெயர்களை மெமரியிலேயே வைத்துக்கொண்டார்கள். 1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2-லும் இதற்கென 'டிகேஷ்' இருந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். மெமரி அளவானது. பெரிய சினிமா ஃபைல் ஒன்றை காப்பி செய்தால் போதும், இடம் வேண்டி லினக்ஸ் பழைய பெயர்களை வெளியே தள்ளிவிடக்கூடும். அப்புறம் ஃபோல்டரைத் திறந்தால் டிஸ்க் மறுபடி எழுந்தாக வேண்டும்.

வீட்டு சர்வர்களுக்கான அன்ரெய்டைப் பயன்படுத்தியவர்கள் ஓர் எளிய வழி கண்டார்கள். 'ஃபைண்ட்' என்ற பழைய யுனிக்ஸ் கட்டளையைச் சில விநாடிக்கு ஒருமுறை பின்னணியில் ஓட விட்டார்கள். அது ஃபைலைத் திறக்காது, பெயர்களை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். அடிக்கடி தொடுவதால் பட்டியல் பெரும்பாலும் மெமரியிலேயே தங்கும், டிஸ்க் நிம்மதியாகத் தூங்கும். 'வி.எஃப்.எஸ். கேஷ் பிரஷர்' என்ற லினக்ஸ் அளவை வழக்கமான 100-லிருந்து குறைத்தாலும் பெயர்கள் இன்னும் கொஞ்ச காலம் தங்கும்.

ஒன்று மட்டும் கவனம் தேவை. இண்டெக்ஸில் பெயர் இருப்பதால் கணக்கில் பணம் இருக்கிறது என்று ஆகாது. மெமரியிலிருந்து வரும் பட்டியலை வைத்து டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆகவே மாதம் ஒருமுறையாவது நாலு படங்களைத் திறந்தே பாருங்கள். தாத்தா பாட்டி படங்களுக்கு வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதியும் எடுத்து வையுங்கள்.