பாய்லர் அறையிலிருந்து வகுப்பறைக்கு: ராபர்ட் தர்ஸ்டன்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இந்த லேப் ஞாபகம் இருக்கும். ஒரு இரும்புக் கம்பியை மெஷினில் மாட்டி, அது உடையும்வரை முறுக்க வேண்டும். எவ்வளவு விசைக்கு எவ்வளவு முறுகியது என்று கிராஃப் போட வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் மறந்துபோகிற சோதனைதான். ஆனா, மாணவன் தன் கையாலேயே உலோகத்தை உடைத்துப் பார்த்துப் படிக்கணும் என்பது 150 வருடத்துக்கு முன்னால் புது யோசனை. அமெரிக்காவில் அதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஹென்றி தர்ஸ்டன். அவர் கடற்படையில் இருந்து வந்தவர் என்பது இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம்.

தர்ஸ்டன் 1839-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். அப்பா நீராவி இன்ஜின் தயாரித்தவர். பையன் அந்தப் பட்டறையிலேயே வளர்ந்தார். 1859-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கினார். பட்டறை, படிப்பு இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அப்போது அபூர்வம். 1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் வடக்குத் தரப்பின் கடற்படையில் இன்ஜினியராகச் சேர்ந்தார். போர்ட் ராயல் சண்டையிலும் சார்ல்ஸ்டன் முற்றுகையிலும் இருந்திருக்கிறார்.

அந்தக் கடற்படையின் இன்ஜினியர்களுக்குத் தலைவர் பெஞ்சமின் இஷர்வுட். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும். நீராவியை சிலிண்டருக்குள் கொஞ்சமாக விட்டு சீக்கிரமே வால்வை மூடிவிட்டால், மீதி வேலையை நீராவியின் விரிவே பார்த்துக்கொள்ளும், நிலக்கரி நிறைய மிச்சமாகும் என்று அன்றைய புத்தகங்கள் சொல்லின. இஷர்வுட், ஈரி ஏரியில் நின்ற 'மிச்சிகன்' என்ற போர்க்கப்பலில் 1860-61 குளிர்காலத்தில் இதைச் சோதித்தார். எரிந்த கரியையும் செலவான தண்ணீரையும் அளந்து பார்த்தால், புத்தகம் சொன்ன லாபம் வரவே இல்லை. நீராவியில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரின் குளிர்ச்சி பட்டு தண்ணீராகி வீணாய்ப் போனதுதான் காரணம். கோட்பாட்டை மட்டும் நம்பாதே, அளந்து பார் என்பதுதான் தர்ஸ்டனுக்குக் கடற்படையில் கிடைத்த பாடம்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1865 ஏப்ரல் 27 அன்று மிசிசிப்பி ஆற்றில், மெம்பிஸ் நகருக்குப் பக்கத்தில், 'சுல்தானா' என்ற நீராவிப் படகின் பாய்லர்கள் வெடித்தன. ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் தெற்கின் சிறை முகாம்களில் இருந்து விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள். பாய்லர் வெடிப்பது அந்தக் காலத்தில் அடிக்கடி நடந்தது. 'தண்ணீர் குறைந்திருக்கும்', 'உள்ளே ஏதோ மர்ம வாயு உண்டாகியிருக்கும்' என்று ஆளுக்கொரு காரணம் சொல்லுவார்கள்.

போர் முடிந்ததும் தர்ஸ்டன் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். 1871-ல் ஹோபோக்கனில் புதிதாகத் தொடங்கிய ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி அவரை மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பேராசிரியராக அழைத்தது. பழைய பாய்லர்களை வேண்டுமென்றே வெடிக்க வைத்துப் பார்த்த சாண்டி ஹூக் சோதனைகள் நடந்ததும் அதே வருடம்தான். தர்ஸ்டன் அவற்றைக் கவனித்து எழுதினார். தண்ணீர் போதுமான அளவு இருக்கும்போதே, அழுத்தம் அப்படியொன்றும் அதிகமில்லாத நிலையிலேயே பாய்லர் வெடித்தது. மர்ம வாயு எல்லாம் தேவையே இல்லை. பலம் இழந்த தகடு போதும். ஒரு பாய்லரின் சூடான தண்ணீரில் அடங்கியிருக்கும் ஆற்றல் அந்த பாய்லரையே எவ்வளவு உயரத்துக்குத் தூக்கி எறியும் என்று பின்னாளில் கணக்குப் போட்டு அட்டவணையாகவே கொடுத்தார்.

அப்படியானால் அடுத்த கேள்வி, தகடு எவ்வளவு தாங்கும்? இதற்காகத்தான் அவர் அந்த முறுக்கும் மெஷினைச் செய்தார். அதில் ஒரு பென்சில் உண்டு. உலோகத் துண்டு முறுகி உடைவதற்குள், விசைக்கும் முறுக்கத்துக்கும் உள்ள உறவை அந்தப் பென்சிலே காகிதத்தில் வரைந்துவிடும். 1873-ல் ஒரு துண்டை முறுக்கிய நிலையிலேயே ஒருநாள் விட்டுவிட்டு, பிறகு தொடர்ந்தார். வரைகோடு விட்ட இடத்தில் இருந்து தொடரவில்லை, மேலே எழும்பியது. அதாவது, இரும்பு ஓய்வெடுத்தபோது இன்னும் கொஞ்சம் கெட்டியாகியிருந்தது! கடற்படை அதிகாரி பியர்ட்ஸ்லீயும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதையே தனியாகக் கண்டார்.

இந்த மாதிரி வேலைக்காக ஸ்டீவன்ஸில் தனி ஆய்வுக்கூடம் அமைத்தார். 1875-ல் இரும்பு, எஃகு போன்ற உலோகங்களைச் சோதிக்க அமெரிக்க அரசு அமைத்த குழுவிலும் இருந்தார். செம்பு, தகரம், துத்தநாகம் மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்தால் எவ்வளவு பலம் என்பதை ஒரே முக்கோணத்துக்குள் காட்டியது அங்கே செய்த வேலை. 1880-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். 1885-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிப்ளி கல்லூரிக்கு இயக்குநராகப் போய், கடைசிவரை அங்கேயே இருந்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். 'இன்ஜினியர் பட்டறையில்தான் உருவாகணும், கரும்பலகை முன்னால் இல்லை' என்று பட்டறை முதலாளிகள் பலர் சொன்னார்கள். அவர்கள் பேச்சில் நியாயமும் இருந்தது. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் திறமை இருந்தால் மேலே வரலாம். கல்லூரி வந்த பிறகு வாசலிலேயே பணமும் கணக்குப் பாடமும் கேட்கப்பட்டன. தர்ஸ்டனின் வழி ஜெயித்தபோது அந்தப் பழைய ஏணி மெல்ல மெல்லக் குட்டையானது. ஆனா பட்டறையில் கற்றது அந்தப் பட்டறையோடேயே நின்றுவிடும். மேஸ்திரியின் கைக்குத் தெரிந்தது, அவர் போனதும் போய்விடும். காகிதத்தில் பென்சில் வரைந்த கோட்டை இன்னொரு ஊரில் இருப்பவன் படிக்கலாம், சரிபார்க்கலாம், தப்பு என்றும் சொல்லலாம். பாய்லர் பக்கத்தில் நிற்கிறவனின் உயிர் அதை நம்பித்தான் இருக்கு.

1903 அக்டோபர் 25 அன்று, தன் 64-வது பிறந்தநாளிலேயே, தர்ஸ்டன் காலமானார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 1905 மார்ச்சில் மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். 1907-ல் அந்த மாநிலம் பாய்லர்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறாமல் இருக்க, அவர் தலைமை வகித்த சங்கமே 1911-ல் குழு போட்டு, 1915-ல் பாய்லர் விதிமுறையை வெளியிட்டது. எந்தத் தகடு எவ்வளவு தாங்கணும், எப்படிச் சோதிக்கணும் என்று அதில் எழுதியிருக்கிறது. திருத்தம் மேல் திருத்தமாக அந்த விதிமுறை இன்றும் நடைமுறையில் உள்ளது. காலேஜ் லேபில் நாம் அலுப்போடு போடும் கிராஃபும் அதே வேலையின் ஒரு துண்டுதான்.