உயர் ஸ்தானிகரும் தூதுவரும்

ஓர் அரசு பிறிதோர் அரசின்பால் விடுக்கும் ஆளைத் தமிழர் பெரும்பாலும் தூதர் என்ற ஒரு சொல்லாலேயே வழங்கிவந்தனர். ஆங்கிலத்திலோ அம்பாசடர், என்வோய், மினிஸ்டர், ஏஜண்ட், ஹை கொமிஷனர் எனப் பல சொற்கள் உள. அகராதியை மாத்திரம் நோக்குவார்க்கு இவற்றிடையே பெரும் பேதம் தோன்றாது. அரசுகளோ இவற்றின் பொருட்டு நெடிது வாதாடியுள்ளன.

1661ஆம் ஆண்டில், சுவீடன் தூதர் இலண்டன் நகருட் புகுந்த ஊர்வலத்திலே, எவர் வண்டி முந்துவது என்பது பற்றிப் பிரான்சிய, ஸ்பானியத் தூதர்களின் ஏவலர் பொருதனர், உயிர்களும் மாண்டன. இத்தகைய முதன்மைப் பூசல்களை ஒழிக்கவே 1815இல் வியன்னா மாநாடு தூதரைத் தரம் வகுத்தது. அவருள் முதல் தரத்தினர் மாத்திரமே தம் மன்னரின் பிரதிரூபமாகக் கொள்ளப்பட்டனர். அம்பாசடர் அத்தரத்தைச் சேர்ந்தவர்.

இவ்விதியால் ஓர் இடர்ப்பாடு விளைந்தது. கனடாவின் மன்னரும் பிரித்தானியாவின் மன்னரும் ஒருவரே. ஒருவர் தமக்குத்தாமே தூதுவிடுதல் யாங்ஙனம்? 1880இல் கனடா தன் பிரதிநிதியை இலண்டனில் நிறுவ முற்பட்டபோது, பிரதமர் மக்டொனால்ட் விரும்பிய பெயர் ரெசிடென்ட் மினிஸ்டர் என்பதாகும். அப்பெயர் இறைமையுடைய நாட்டுக்கே உரியது எனப் பிரித்தானிய அரசு மறுத்தது. முடிவில் ஹை கொமிஷனர் என்ற பெயர் கொள்ளப்பட்டு, அலெக்சாந்தர் கால்ட் முதன்முதல் அப்பதவி ஏற்றார். கௌரவம் குறையாமலும் இறைமையை ஒப்புக்கொள்ளாமலும் அமைந்த பெயர் அது.

அயர்லாந்தின் தலைவர் டி வலேரா இந்நுட்பத்தை நன்கு உணர்ந்தவர். 1939இல் பிரித்தானியா டப்ளின் நகருக்கு ஒருவரை அனுப்ப முனைந்தபோது, ஹை கொமிஷனர் என்ற பெயரை அவர் ஏற்றிலர். அஃது அயர்லாந்தை டொமினியன் நிலையிலே நிறுத்தும் என்பது அவர் கருத்து. அம்பாசடர் என்பதைப் பிரித்தானியர் வழங்கார். ஈற்றில் சேர் ஜோன் மஃபி வெறும் பிரதிநிதி என்ற பெயருடன் சென்றார். அப்பொழுதும் பிணக்கு முற்றும் தீர்ந்திலது. அயர்லாந்தில் இருக்கும் பிரதிநிதி என்று எழுதுவதா, அயர்லாந்துக்கு விடுக்கப்பட்ட பிரதிநிதி என்று எழுதுவதா என்பதில் வாதம் எழுந்து, பின்னதே நிலைபெற்றது. வேற்றுமையுருபை மாணவர் எளிதாக எண்ணுதல் தகாது.

நம் நாட்டிலும் இப்படிமுறை காணக்கிடக்கின்றது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தின்படி, தோட்டத் தொழிலாளர் நலன் பேண இந்திய அரசு ஏஜண்ட் ஒருவரைக் கண்டியில் அமர்த்தியது. 1943 முதல் எம். எஸ். ஆனே இந்தியப் பிரதிநிதி எனப்பட்டார். 1947இல் வி. வி. கிரி ஹை கொமிஷனராக வந்தார். இலட்சக்கணக்கான தொழிலாளரின் குடியுரிமை, அதன் பின்னர் இரு சுதந்திர அரசுகள் தம்முட் பேசித் தீர்க்கவேண்டிய வழக்காயிற்று.

பொதுமன்னர் என்ற காரணம் பல நாடுகளுக்கு நீங்கிய பின்னரும் பெயர் நீங்கவில்லை. 1972இல் குடியரசான இலங்கை பொதுநலவாய நாடுகளுக்கு இன்றும் உயர் ஸ்தானிகரையே அனுப்புகின்றது. அதே ஆண்டிற் பொதுநலவாயத்தை நீங்கிய பாகிஸ்தான், 1989இல் மீண்டபோது பழைய பெயரையும் மீட்டுக்கொண்டது.

இனி மொழிபெயர்ப்பை நோக்குவாம். கொமிஷனர் என்பதற்கு ஆணையாளர் என்ற சொல் நம்மிடம் இருக்கவும், உயர் ஆணையாளர் என்னாது உயர் ஸ்தானிகர் என்றமை பொருத்தமே. சைப்பிரசிலும் பலஸ்தீனத்திலும் முன்னாளில் ஹை கொமிஷனர் எனப்பட்டோர் ஆணை செலுத்தி ஆண்டவர்கள். கொழும்பில் இருப்பவரோ அத்தகையர் அல்லர். கவர்ன்மென்ட் ஏஜண்ட் விடயத்தில் மாத்திரம் நம்மவர் தாராளம் காட்டிவிட்டனர். பிறர்பொருட்டுச் செயலாற்றுபவன் என்னும் பொருளுடைய சொல்லை அரசாங்க அதிபர் எனப் பெயர்த்து, கச்சேரிக்கு ஒரு தலைவனையே அளித்தனர்.