வார்த்தைப்பாடு கொடுக்காத சகோதரிகள்

1374ஆம் ஆண்டு செப்டம்பர் 21. இன்றைய நெதர்லாந்தில் ஐசல் ஆற்றங்கரையில் உள்ள டெவென்டர் நகரத்தில், கீர்ட் குரோட்டே என்ற 33 வயதுக்காரர் தன் பூர்வீக வீட்டை ஏழைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஓரிரு அறைகளை மட்டும் தனக்கென வைத்துக்கொண்டார். கடவுளுக்கு ஊழியம் செய்ய விரும்பும் பெண்கள் வாடகை இல்லாமல் அங்கே தங்கலாம். இதற்காக அவர்கள் கன்னியர் ஆக வேண்டியதில்லை.

குரோட்டே ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. அப்பா ஊரறிந்த துணி வியாபாரி. 1350இல் கொள்ளைநோய் வந்து அப்பாவையும் அம்மாவையும் கொண்டுபோனது. பத்து வயதுப் பையனிடம் பெரிய சொத்து வந்து சேர்ந்தது. பாரிஸ் போய்ப் படித்தார், பட்டம் வாங்கினார். திருச்சபையில் வேலையே செய்யாமல் வருமானம் வரும் பதவிகள் அந்தக் காலத்தில் இருந்தன. அவற்றில் இரண்டு அவருக்கும் கிடைத்தன. முப்பது வயதைத் தாண்டியதும் கடுமையான நோய் வந்து படுத்தார். எழுந்தவர் பதவிகளை விட்டார், வீட்டையும் விட்டார்.

வீடு கொடுத்தவரின் கதையைத் திருச்சபை வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. அந்த வீட்டில் வாழ்ந்த பெண்களுக்கு அவை ஒதுக்குவது ஒரு பத்திதான். எனக்கு இது எப்போதும் உறுத்தும். அந்த வீட்டிலிருந்து வளர்ந்த பக்தி இயக்கத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம்; அவர்களுக்கான இல்லங்களும் அதிகம். ஆகவே இந்த வாரம் குரோட்டேயை வாசலோடு நிறுத்திவிட்டு நாம் உள்ளே போவோம்.

அதற்குமுன் அந்தக் காலத்தில் இருந்த ஒரு பயத்தைச் சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் விதவைக்கும் அன்றைய ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்ற இடம் ஒன்றுதான்: கன்னியர் மடம். அதில் சேரப் பெரும்பாலும் பணம் வேண்டும், வசதியான குடும்பம் வேண்டும். மடத்துக்கு வெளியே சேர்ந்து வாழ்ந்து, உழைத்துச் சாப்பிட்டு, செபித்த பெண்கள் இருந்தார்கள். பெகின்கள் என்பது அவர்கள் பெயர். அவர்களைத் திருச்சபை சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தது. பெகினாக அறியப்பட்ட மார்கரீத் போரெத், கடவுள் அன்பைப் பற்றித் தாய்மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். அதைத் திரும்பப் பெற மறுத்ததற்காக 1310 ஜூன் 1ஆம் தேதி பாரிஸில் உயிரோடு எரிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வியென் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச் சங்கம் பெகின் வாழ்க்கை முறையையே கண்டித்தது.

குரோட்டேக்கு இந்த வரலாறு அத்துப்படி. அதனால் 1379இல் இல்லத்துக்கான விதிகளை எழுதியபோது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இங்கே புதிய துறவற சபை எதுவும் தொடங்கவில்லை, இது பெகின்களின் வீடும் அல்ல. வார்த்தைப்பாடு கிடையாது; தனி உடுப்பு கிடையாது. பங்கு ஆலயத்துக்கு மற்ற ஊர்ப் பெண்களைப் போலவே போய்வர வேண்டும். மேற்பார்வை நகர சபையிடம். பிடிக்கவில்லையென்றால் கிளம்பிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஏழைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதி, அவ்வளவுதான். மிகவும் சாமர்த்தியமான விதிகள் என்பேன்.

1384இல் கொள்ளைநோய் குரோட்டேயையும் கொண்டுபோனது. அதற்குமுந்தைய ஆண்டிலேயே, குருக்களின் ஒழுக்கக்கேட்டைச் சாடியதால் பிரசங்கிக்கும் உரிமையை அவர் இழந்திருந்தார். திருத்தொண்டராகவே வாழ்ந்து முடித்தவர் அவர். குருப்பட்டம் பெறவே இல்லை. ஆனால் போவதற்குமுன் இந்தப் பெண்களுக்கு, வீட்டைவிடப் பெரிது என்று சொல்லத்தக்க இன்னொன்றையும் கொடுத்திருந்தார். மடங்களில் லத்தீனில் ஓதிய வேளைச் செபங்களை டச்சு மொழியில் ஆக்கித் தந்தார். லத்தீன் தெரியாத நெசவாளிப் பெண்ணும் திருப்பாடல்களைப் பொருள் தெரிந்து செபிக்க முடிந்தது. அந்தச் செபப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அச்சு இயந்திரம் வராத காலத்தில், ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து கையால் எழுதியது!

தொடக்கத்தில் அந்த வீட்டில் அவரவர் சம்பாத்தியம் அவரவருக்குத்தான். 1390களில் யோகான்னஸ் பிரிங்கெரிங்க் என்ற குரு பொறுப்புக்கு வந்த பிறகு எல்லாம் மாறியது. எல்லாருடைய வருமானமும் ஒரே பெட்டிக்குப் போனது. எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ‘பொது வாழ்வின் சகோதரிகள்’ என்ற பெயருக்கு அப்போதுதான் முழுப் பொருள் வந்தது. டெவென்டரில் மட்டும் இப்படி ஐந்து இல்லங்கள் உருவாயின. பிற ஊர்களுக்கும் இந்த வாழ்க்கை முறை பரவியது. பிழைப்பு பெரும்பாலும் நூற்பும் நெசவும். பல ஊர்களில் நெசவாளர் சங்கங்கள் இவர்கள்மேல் புகார் சொன்னதும் உண்டு: செபம் செய்ய வந்தவர்கள் தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறார்கள் என்று.

வேலை நடக்கும்போதே செபமும் நடந்தது. ராட்டையில் கை ஓடிக்கொண்டிருக்க, ஒருத்தி உரக்க வாசிப்பாள். மனதில் பட்ட வரியைச் சிலர் சின்னக் குறிப்பேடுகளில் எழுதிக்கொள்வார்கள். புத்தகத்தில் இருந்தது, பிரசங்கத்தில் கேட்டது, பக்கத்தில் இருந்தவள் சொன்னது எல்லாம் அதில் கலந்துகிடக்கும். பிரிங்கெரிங்க் நிகழ்த்திய ஆன்மிக உரைகள் சில இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவர் எழுதிவைத்ததால் அல்ல. உட்கார்ந்து கேட்ட சகோதரிகள் குறித்துவைத்ததால்.

ஒருவர் குறையை மற்றவர் முகத்துக்கு நேரே சொல்வதும் பக்தியின் ஒரு பகுதியாக இருந்தது. நம் ஊரில் பத்துப் பெண்கள் ஒரு வீட்டில் சேர்ந்திருந்து இதைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேயும் மனத்தாங்கல்கள் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் சொல்பவளும் நாளைக்குக் கேட்க வேண்டியவள்தான் என்பது விதி.

இவர்களுடைய பெரிய சாதனை என்று நான் நினைப்பது ‘சகோதரிகளின் புத்தகம்’. குரோட்டேயின் வீட்டில் 1398க்கும் 1456க்கும் இடையே இறந்துபோன சகோதரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளை, பின்னால் வந்த சகோதரிகள் டச்சு மொழியில் தொகுத்தார்கள். எழுதியவர் பெயரே இல்லை. புனிதர் வரலாறுகளில் வருவதுபோலப் புதுமைகளைத் தேடினால் ஏமாந்துபோவோம். நல்ல குடும்பத்தில் பிறந்தவள் அடுக்களையின் கடைசி வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தது, கிழிந்த உடுப்பைச் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டது, சாகக் கிடந்தவள் சுற்றி நின்றவர்களிடம் கடைசியாக என்ன சொன்னாள் என்பது, இப்படிப்பட்ட சங்கதிகள்தான். உணவு வேளையிலும் வேலை வேளையிலும் இவற்றை வாசிக்கக் கேட்டபோது, நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து நூற்றவளே பாடப் புத்தகம் ஆனாள்.

இந்த இயக்கத்திலிருந்து உலகத்துக்குப் போன புத்தகம் வேறு. டெவென்டரில் பள்ளிப் படிப்பு முடித்த தாமஸ் கெம்பிஸ் என்ற துறவி எழுதியதாகக் கருதப்படும், கிறிஸ்துவைப் பின்பற்றுவது பற்றிய சிறு நூல் அது. தமிழ் உட்பட எத்தனையோ மொழிகளுக்குப் போய்விட்டது. தாமஸ் தனியறையில் அமைதியைத் தேடச் சொல்கிறார். சகோதரிகளுக்குத் தனியறை ஏது? அடுக்களையில்தான் தேட வேண்டியிருந்தது.

எதிர்ப்பு வராமல் இல்லை. அங்கீகாரம் பெற்ற சபைக்கு வெளியே ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகியவற்றைக் கடைப்பிடிப்பதே பாவம் என்று மத்தேயு கிராபோ என்ற டொமினிக்கன் துறவி வாதாடினார். வழக்கு கான்ஸ்டன்ஸ் பொதுச் சங்கம்வரை போனது. 1418இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜான் ஜெர்சன் அந்த வாதத்தை உடைத்தார். கிராபோ தன் கருத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. கிறிஸ்துவின் வழியில் நடக்க மடத்துச் சுவர் கட்டாயமில்லை என்பது அந்த அளவில் நிலைத்தது.

ஆனாலும் சுவர் பின்னால் வந்துகொண்டேதான் இருந்தது. வெளியிலிருந்து வந்த நெருக்கடி தாங்காமலும், கட்டுப்பாடான வாழ்வில் உள்ளேயே எழுந்த ஆசையாலும், பல இல்லங்கள் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையாகவோ அகுஸ்தீன் சபை மடங்களாகவோ மாறின. டெவென்டருக்கு வெளியே டீபென்வீன் என்ற இடத்தில் பிரிங்கெரிங்க் தொடங்கிய மடம் இதற்கு நல்ல உதாரணம். குரோட்டே வீட்டில் தலைமைச் சகோதரியாக இருந்த சலோமே ஸ்டிக்கென், 1412 முதல் 1446 வரை அந்த மடத்துக்குத் தலைவி. சகோதரிகள் எப்படி வாழ வேண்டும் என்று அவர் எழுதிய வழிகாட்டி இன்றும் இருக்கிறது. வார்த்தைப்பாடு இல்லாமல் தொடங்கிய ஒருவர், வார்த்தைப்பாடு கொடுத்தவர்களை 34 ஆண்டுகள் நடத்தினார். இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் மடத்திலும் ‘சகோதரிகளின் புத்தகம்’ எழுதப்பட்டது.

மாற்றத்துக்கு விலை கொடுத்தவர் வேறொருவர். கென்ட் நகரத்து கலிலேயா மடத்தின் தலைவி அலைட் பாகே. தன் ஆன்மிக அனுபவத்தைத் தானே எழுதியவர், அதைச் சகோதரிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். 1455இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கி, மடத்தைவிட்டே அனுப்பினார்கள். அதே ஆண்டில் அவர் இறந்தார். கலிலேயா போன்ற மடங்களை ஆண்ட விண்டெஸ்ஹைம் பேரவை அதே ஆண்டில் ஓர் ஆணையும் போட்டது: தத்துவ போதனையோ காட்சிகளோ அடங்கிய நூல்களைக் கன்னியர் எழுதக் கூடாது. இறந்த சகோதரியின் பணிவைப் பற்றிப் பெண் எழுதலாம். கடவுள் தன்னிடம் என்ன பேசினார் என்று எழுதக் கூடாது. பக்தியைப் பகிர்ந்துகொள்வதற்கு அவர்கள் போட்ட எல்லை இது.

பிறகு சீர்திருத்தம் வந்தது, போர் வந்தது. டெவென்டர் புராட்டஸ்டண்டுகளின் கைக்குப் போனது. இல்லங்கள் மறைந்தன.

இனி ஐந்து நூற்றாண்டுகளைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். களக்காட்டுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் டோனாவூர். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல், தேவதாசி முறைக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த குழந்தைகளை அங்கே வளர்த்துவந்தார். 1916 மார்ச் 18ஆம் தேதி, அவரோடு ஏழு இளம் பெண்கள் சேர்ந்து ஒரு குழுவை அமைத்தார்கள். வைத்த பெயர், பொது வாழ்வின் சகோதரிகள். டெவென்டரை நினைத்தே வைத்த பெயர். புராட்டஸ்டண்ட் மிஷனரி ஒருவர் சீர்திருத்தத்துக்கு முந்திய கத்தோலிக்கப் பெண்களிடம் போய்ப் பெயர் கேட்டு வாங்கியது அன்றைக்குச் சாதாரண விஷயம் அல்ல.

விதிகளிலும் சாயல் தெரிகிறது. வார்த்தைப்பாடு இல்லை. திருமணம் செய்யாமல் வாழ்வார்கள்; ஒருத்திக்குத் திருமணம்தான் தன் அழைப்பு என்று தோன்றினால், குழுவைவிட்டுப் போகலாம். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் செபிப்பதும் ஒரே ஊழியம். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பது கிடையாது. கூடி வாசித்த நூல்களில் தாமஸ் கெம்பிஸும் உண்டு. தமிழில் கிடைக்காத நூல்களுக்காக ஆங்கிலம் கற்றுக்கொண்டார்கள். மணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருப்பதே ஊர்ப்பேச்சாகும் சமூகத்தில், ‘நாங்கள் இப்படித்தான் இருக்கப்போகிறோம்’ என்று ஏழு பேர் சேர்ந்து சொன்னது சின்னத் துணிச்சல் இல்லை.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். டெவென்டர் பெண்களைப் பற்றி அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்களே, சொந்த மொழியில் எழுதினார்கள். டோனாவூர்ப் பெண்களைப் பற்றி நாம் படிப்பதில் பெரும்பகுதி ஏமி ஆங்கிலத்தில் எழுதியது. அன்போடு எழுதியதுதான், ஆனால் பேனா அவருடையது. அவருடைய நூல்களில் ஒன்று முழுக்க ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கை, 1918இல் வந்தது. பாளையங்கோட்டையில் மாமனார் வீட்டில் இருந்த இளம் விதவை அவர். நகைகளைக் கழற்றிவிட்டு, ஏமியோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனவர், பிறகு நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பெடுத்து நடத்தியவர். 1916இல் குழு உருவானபோது அவர் இல்லை. முந்தைய ஆண்டே புற்றுநோயில் இறந்திருந்தார். பெயர் பொன்னம்மாள். அடுத்த இதழில் அவர் கதை.