வீட்டுக் கணினிப் பராமரிப்பு: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம்

வீட்டுக் கணினிப் பராமரிப்பு என்பது, கணினித் துறைப் பயிற்சி இல்லாதோர் தம் மேசைக்கணினியையும் மடிக்கணினியையும் பழுதும் தரவு இழப்பும் மோசடியும் நேராமல் பயன்படுத்துவதற்கான அடிப்படை நடைமுறைகளைக் குறிக்கும். திருச்சிராப்பள்ளியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவிலும் எளிய குடும்பங்கள் பலவற்றில் முதல் கணினியாக நுழைந்தது அரசின் விலையில்லா மடிக்கணினியே. 2011 மே மாதம் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெ. ஜெயலலிதா அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இத்திட்டத்துக்கான கருவிகளைத் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் (வன்பொருளையும் செயலிகளையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருள்) அவற்றில் இடம்பெற்றது.

அந்த லினக்ஸைத் திறந்தும் பாராமல் விட்டவர்களுக்கு அதன் பழக்கம் இன்று பயன்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான திருத்தங்களை 2025 அக்டோபர் 14 அன்றும் நிறுத்திக்கொண்டதால், அவற்றுடன் இணையத்தில் இயங்கும் பழைய கருவி புதிய தாக்குதல்களுக்குத் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத மடிக்கணினியைப் பழைய விலைக்குப் போடுமுன், அதன் நினைவகத்தைக் கூட்டி, சுழல்தட்டு வன்வட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பற்ற எஸ்எஸ்டி வட்டைப் பொருத்தி, இன்றைய லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவினால், கடிதம், கணக்கு, இணைய வகுப்பு ஆகியவற்றுக்கு அது பெரும்பாலும் போதுமானதாகிவிடும்.

வன்பொருளைப் பொறுத்தவரை, கோடை வெப்பமும் ஆடிக்காற்று கொணரும் தூசியும் விசிறித் துளைகளை அடைத்துக் கருவியைச் சூடாக்குகின்றன. மேசைக்கணினிக்கு எர்த் இணைப்பும், கோப்பைச் சேமித்து முறையாக அணைக்க அவகாசம் தரும் யுபிஎஸ் கருவியும் தேவை. இடி மின்னல் தொடங்குமுன் மின்செருகியைக் கழற்றிவிடுவதே உறுதியான பாதுகாப்பு.

கருவி போனால் வேறு வாங்கலாம். அதிலிருந்த குடும்பப் படங்களும் சான்றிதழ்ப் படிகளும் அவ்வாறு கிடைப்பதில்லை. ஆகவே காப்புப்படி எடுத்தலே இப்பராமரிப்பின் தலையாய பகுதி எனலாம். ஒரு படியை வெளி வன்வட்டிலும், மற்றொன்றை இணையச் சேமிப்பகத்திலோ வேற்றூர் உறவினர் வீட்டிலோ வைத்தல் வேண்டும். ஒரே பீரோவில் வைத்த இரு படிகள் வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் முன் ஒரு படிக்குச் சமம். பழைய தமிழ்க் கோப்புகளுக்கு மற்றோர் இடரும் உண்டு: பாமினி, வானவில் போன்ற எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்டவை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதால், தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்ற ஒருங்குறிக்கு அவற்றை மாற்றிவைத்தல் நலம்.

ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் செருகிய பென் டிரைவ் நச்சுநிரல் கொணரும் வழக்கமான வாயிலாதலால், வீட்டில் அதைச் சோதித்த பின்னரே திறக்க வேண்டும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்னும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் இதற்குப் போதும். கட்டணம் பாக்கி, இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும் என மிரட்டித் தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலியை நிறுவச் சொல்பவர்களுக்கோ, ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கேட்பவர்களுக்கோ இணங்கலாகாது. பணம் பறிபோயின் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் அத்தொகை கணக்குவிட்டுக் கணக்கு மாறுவதால், வங்கி அதை முடக்கும் வாய்ப்பு குறைகிறது.