கடல் வாசல் – 9: கடலில் செத்த குதிரைக்கும் பொன்

ஆறுமுகநேரி உப்பளங்களை ஒட்டி, 1950-களின் இறுதியில் சாகுபுரம் ரசாயன ஆலை எழுந்தது. குஜராத்தின் திராங்கத்ராவில் பிறந்த நிறுவனம் அது. சாகு ஜெயின் குடும்பத்தின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. நம் உப்பைக் காஸ்டிக் சோடாவாக்க எங்கிருந்தோ ஒரு முதலீடு வந்து இறங்கியதை இந்தப் பக்கத்து மக்கள் வியந்து பார்த்திருப்பார்கள். ஆனால் இதே கரை, 700 ஆண்டுகளுக்கு முன்பே பாரசீக வளைகுடாவோடு ஒப்பந்தம் போட்டு வணிகம் செய்தது.

ஏடன், ஹோர்முஸ், கிஷ் ஆகிய இடங்களிலிருந்து வரும் குதிரைக் கப்பல்கள் எல்லாம் காயலில் நங்கூரமிடும் என்று மார்க்கோ போலோ எழுதியதைச் சென்ற வாரம் பார்த்தோம். தாமிரபரணி கழிமுகத்தில் இன்று பழையகாயல் என்று அமைதியாகக் கிடக்கிறதே, அதுதான் அந்தத் துறை என்பது கால்டுவெல்லின் முடிவு. அங்கே சீனப் பீங்கான் ஓடுகளை அவர் கண்டெடுத்தார்.

முத்தும் சங்கும் நம்மிடம் இருந்தன. போர்க்குதிரை இல்லை. இந்தக் குறையைத்தான் கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் பிடித்துக்கொண்டார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒப்பந்தத்தின் விவரங்களை எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 3,08,000 தினார்! அதோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: வழியில் கடலில் செத்த குதிரைக்கும், உயிரோடு கரையேறிய குதிரைக்குக் கொடுக்கும் அதே விலையைப் பாண்டியர் கொடுக்க வேண்டும்.

புயலாலும் நோயாலும் வரும் நட்டம் முழுவதும் வாங்குபவர் தலையில். விற்பவருக்கு ஒரு காசு இழப்பில்லை. இவ்வளவு பெரிய உறுதி கிடைத்தால் எந்த வணிகர்தான் கப்பலேற்ற மாட்டார்? இந்தப் பணம் கருவூலத்திலிருந்து போகவில்லை, கோயில் சொத்துகளின் வருவாயிலிருந்து போயிற்று என்றும் வஸ்ஸாஃப் சொல்கிறார். நிலத்தில் உழுதவர் வியர்வைதான் கடலில் மிதந்த பிணத்துக்கு விலையாயிற்று என்று நான் படிக்கிறேன்.

கரையேறிய குதிரைகளும் பிழைக்கவில்லை. 2,000-க்கும் மேல் வாங்கினாலும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் போலோ. இறைச்சியோடு சோறு வேகவைத்துத் தீனியாகப் போட்டார்களாம். லாடம் அடிப்பவர் ஒருவர்கூட இங்கே இல்லை. வணிகர்கள் கூட்டி வரவும் இல்லை. தாமாக வர நினைத்தவரையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு யார் வாங்குவார்கள்? ஒப்பந்தத்தில் விலையை எழுதிய பாண்டியர், குதிரை வைத்தியர் ஒருவரும் உடன் வர வேண்டும் என்று எழுதாமல் விட்டார்கள். அந்த ஆட்சியின் பெரும் பிழையாக நான் காண்பது இதைத்தான்.

சீனத்துச் சரக்குக் கப்பல்கள் இந்தக் கரையைத் தொட்டால், ஜமாலுத்தீனின் ஆட்கள் முதலில் பொறுக்கி எடுப்பார்கள். அதற்கு முன் வேறு யாரும் விலை பேசக் கூடாது. இவ்வளவு அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது? அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரகுமான் இங்கேயே இருந்தார், பாண்டியரின் அமைச்சராக! காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் கையில். குதிரையை விற்பவர் அண்ணன். வாங்கும் அரசின் துறைக்குப் பொறுப்பு தம்பி. வணிகம் செழித்தது உண்மை. பேரம் நேர்மையாக நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1302-03 வாக்கில் தகியுத்தீன் இறந்தார். அத்தனை ஆண்டுச் சம்பாத்தியமும் பாண்டிய நாட்டுக்குள்ளேயே இருந்தது. அப்போது அரியணையில் இருந்தவர் மாறவர்மன் குலசேகர பாண்டியர். அமைச்சரின் சொத்து முழுவதையும் எடுத்துக்கொள்ள அவர் முனைந்தார். ஒரே ஆணையில் வளைகுடாவோடு இருந்த உறவு முறிந்துபோகும் நிலை.

தகியுத்தீனின் மகன் சிராஜுத்தீன் ஓடி ஒளியவில்லை. தந்தையின் செல்வத்தையும் பதவியையும் காப்பாற்றிக்கொள்ள, மன்னருக்கு ஒரு தொகை கொடுக்க முன்வந்தார்.

எவ்வளவு? மன்னர் ஏற்றாரா?

(அடுத்த வாரம்)